பிரான்ஸோட நீளமான பார்டர் பிரேசில் கூட: மேப்ல கட்டம் கட்டி ஓரமா வெச்ச பிரான்ஸ்

யூரோ நோட்டு ஒண்ணு கைல கெடச்சா பின்பக்கம் திருப்பி நல்ல வெளிச்சத்துல பாருங்க. பெருசா ஐரோப்பா மேப் இருக்கும், அது எல்லாருக்கும் தெரியும். அதுக்குக் கீழ பொடிப்பொடியா கட்டம் கட்டி சில துணுக்குங்க இருக்கும், அழுக்கு ஒட்டிருக்குன்னு நெனச்சு விட்டுடுவோம். அதுல ஒண்ணு தென் அமெரிக்காவுல இருக்குற பிரெஞ்சு கயானா, ரெண்டு துணுக்கு கரீபியன் கடல் தீவுங்க, குவாதலூப்பும் மார்த்தினிக்கும், இன்னொண்ணு மடகாஸ்கருக்குக் கிழக்க இருக்குற ரியூனியன். நாலுமே பிரான்ஸ்தான், நாலுலயும் அதே யூரோதான் ஓடுது.

நான் பாண்டிக்காரன். தெருவுக்கு ஒரு சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல வேலை பாத்தவங்க) பென்ஷன் வீடு இருந்த ஊர்ல வளந்தவன், எனக்கே ரொம்ப நாள் பிரான்ஸ்னா பாரிஸ், குளிர், திராட்சைத் தோட்டம், அவ்ளோதான். பேசுறவங்களும் ரெண்டு விதமாதான் பேசுவாங்க, ஒண்ணு "அதெல்லாம் இன்னும் விடுதலை ஆகாத காலனிங்க"ன்னு ஒரே வரில முடிப்பாங்க, இல்லன்னா "ஏதோ டூரிஸ்ட் தீவுங்க, போரா போரா மாதிரி"ன்னு முடிப்பாங்க. ரெண்டுமே அரைகுறை. அந்தக் கட்டத்துல இருக்குறதத் தூக்கி அது நெசமா இருக்குற எடத்துல வெச்சுப் பாத்தாதான் அந்த நாட்டோட நிலம் என்னன்னே பிடிபடும், அதத்தான் மெதுவா பாக்கப்போறோம்.

மொதல்ல ஒரு கடலூர் பஸ்

பாண்டிலேருந்து கடலூர் பஸ் ஏறி ஜன்னலோரம் உக்காந்தா போதும். கொஞ்ச நேரம் புதுச்சேரி, அப்புறம் தமிழ்நாடு, திரும்ப புதுச்சேரி, திரும்ப தமிழ்நாடு, சாராயக்கடை போர்டு கூட்டமா வந்தா இன்னும் நம்ம ஏரியாதான்னு தெரிஞ்சுக்கலாம். இது பத்தாதுன்னு காரைக்கால் தெக்க, மாஹே கேரளாவுக்குள்ள, ஏனாம் ஆந்திராவுக்குள்ள. நாலும் ஒரே சட்டமன்றத்துக்கு எம்.எல்.ஏ. அனுப்புது. இப்படி சிதறிக் கெடக்குறதே பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன ஏற்பாடுதான், அவங்க கைல இருந்த ஊருங்க 1954 நவம்பர் 1-ல இந்தியா நிர்வாகத்துக்கு வந்துச்சு, சட்டப்படி முழுசா கை மாறுனது 1962 ஆகஸ்ட் 16.

இப்ப இதே படத்த உலக சைஸுக்கு இழுத்து விடுங்க. பாரிஸ் இருக்குற எடத்துல தலைமை, ஒரு துண்டு அமேசான் காட்டுப் பக்கம், ஒரு துண்டு இந்தியப் பெருங்கடல்ல, ஒரு துண்டு பசிபிக்ல, ஒரு துண்டு கனடா ஓரத்துல. பிரான்ஸ் முழுக்க கணக்கெடுத்தா 12 டைம் ஸோன், உலகத்துல வேற எந்த நாட்டுக்கும் அவ்ளோ கெடையாது, ரஷ்யாவுக்கே 11தான்.

அறுகோண வீடு

ஐரோப்பாவுல இருக்குற பெரிய துண்டுக்கு அவங்க வெச்சிருக்குற செல்லப்பேர் ஹெக்ஸகன், அதாவது அறுகோணம். மேப்ல பாத்தா மூணு பக்கம் கடல், மூணு பக்கம் நிலம், ஏறக்குறைய ஆறு மூலை. கோர்சிகா தீவையும் சேத்தா சுமார் 5.5 லட்சம் சதுர கிலோமீட்டர்.

இது எல்லாருக்கும் கொஞ்சம் தெரிஞ்சதுங்கறதால வேகமா போயிடலாம். தென்கிழக்குல ஆல்ப்ஸ், அதுல 4,800 மீட்டருக்கு மேல நிக்கிற மோன் பிளாங். ஸ்பெயின் ஓரம் பிரனீஸ் மலை. நடுவுல மாசிஃப் சென்ட்ரல்னு பழைய மேட்டு நிலம், அதுல வரிசையா தூங்குற எரிமலைங்க, இப்ப புல்லு மூடி மாடு மேயுது. வடக்க பாரிஸ சுத்தி தட்டு மாதிரி கோதுமை வயல். தென்மேற்குல லாந்துன்னு ஒரு பைன் காடு, பாத்தா ஆதிகாலத்துக் காடு மாதிரி இருக்கும், ஆனா 19-ம் நூற்றாண்டு வரைக்கும் அது பெரும்பாலும் சதுப்பு நிலம், ஆடு மேய்க்கிறவங்க கால்ல ரெண்டு கட்டைய கட்டிக்கிட்டு, நம்ம ஊர் கொக்கலிக்கட்டை ஆட்டக்காரங்க மாதிரி, அதுமேல நின்னுதான் மந்தையப் பாத்துப்பாங்க. அப்புறம் வாய்க்கால் வெட்டி தண்ணிய வடிச்சு பைன் நட்டாங்க.

கடல் தாண்டினது எல்லாம் ஒரே ரகம் கெடையாது

இங்கதான் ஜனங்க அதிகமா கொழப்பிக்கிறாங்க. ஒரு குடும்பத்த நெனச்சுக்கோங்க. சில பிள்ளைங்க வேற ஊர்ல வேலைக்குப் போயிருந்தாலும் ஒரே ரேஷன் கார்டுலதான் பேரு. சில பிள்ளைங்க தனிக்குடித்தனம், சமையல் தனி, ஆனா வீட்டுப் பத்திரம் இன்னும் அப்பா பேர்ல.

ஒரே ரேஷன் கார்டு கேஸ் அஞ்சு: குவாதலூப், மார்த்தினிக், பிரெஞ்சு கயானா, ரியூனியன், அப்புறம் ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவுல இருக்குற மயோட். இதுங்களுக்கு கடல்கடந்த மாவட்டம்னு பேரு. மொத நாலும் 1946 சட்டத்துல மாவட்டம் ஆச்சு, மயோட் மட்டும் லேட்டா 2011-ல. பாரிஸ் நாடாளுமன்றத்துல இவங்க எம்.பி. உக்காந்திருக்காங்க, ஐரோப்பிய யூனியனும் இங்க வரைக்கும் நீளுது. தனிக்குடித்தனம்னா பிரெஞ்சு பாலினேசியா, நியூ கலெடோனியா மாதிரி. அவங்களுக்கு சொந்த சட்டசபை இருக்கு, நோட்டும் வேற, பசிபிக் ஃபிராங்க். நியூ கலெடோனியாவுல பிரிஞ்சு போகலாமான்னு 2018, 2020, 2021-னு மூணு தடவ ஓட்டெடுப்பே நடந்துச்சு. மூணுலயும் வேணாங்கற பக்கம்தான் ஜெயிச்சுது, ஆனா கடைசி ஓட்டெடுப்ப அங்கத்து பூர்வகுடி கனாக் மக்கள்ல பெரும்பாலானவங்க புறக்கணிச்சாங்க, பிரச்சனை இன்னும் ஓயல. மூணாவதா ஒரு ரகம் இருக்கு, குடும்பமே இல்லாம வெறும் பூட்டு போட்ட வீடுங்க, அதுக்குக் கடைசில வரேன்.

இது வரைக்கும் வந்தது இவ்ளோதான்: ஐரோப்பாவுல ஒரு ஹெக்ஸகன், வெளிய அஞ்சு முழு மாவட்டம், அது போக பாதி தன்னாட்சில சில தீவுக் கூட்டம். இனிமே கேள்வி வேற, இந்தத் துண்டுங்க ஏன் ஒண்ணுக்கொண்ணு இவ்ளோ வித்தியாசமா இருக்கு? ஒரு எடத்துல எரிமலை, ஒரு எடத்துல மோதிரம் மாதிரி தீவு, ஒரு எடத்துல செக்கச்செவேல்னு மண்ணு.

தையல் மெஷினும் ரியூனியனும்

பூமியோட மேல்தோல் ஒரே ஓடு கெடையாது, பல துண்டா ஒடஞ்சு மெதுவா நகந்துகிட்டே இருக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் தட்டுன்னு பேரு. வருஷத்துக்கு சில சென்டிமீட்டர், நகம் வளர்ற ஸ்பீடு.

இப்ப தையல் மெஷின நெனச்சுக்கோங்க. ஊசி ஒரே எடத்துல ஏறி எறங்குது, துணிதான் நகருது, ஆனா துணில வரிசையா தையல் விழுது. பூமிக்குள்ளயும் சில எடத்துல ஆழத்துலேருந்து சூடு ஒரே தூணா மேல வந்துகிட்டே இருக்கு, அதுக்குப் பேருதான் ஹாட்ஸ்பாட் (நம்ம செல்போன்ல போடுறது இல்லைங்க). அது ஏறக்குறைய நின்ன எடத்துலயே நிக்குது, மேல தட்டு நகர நகர வரிசையா எரிமலை பொறக்குது. ரியூனியன் உக்காந்திருக்குறது அப்படி ஒரு ஊசிக்கு மேல.

இதுல நமக்கு ஒரு பழைய சொந்தம் இருக்கு. சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி அதே ஊசிக்கு மேல இருந்தது இந்தியா. மகாராஷ்டிராவுல படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்குற கருங்கல் மலைங்க, தக்காணப் பாறைங்க, அப்ப கொட்டுன குழம்பு எறுகுனதுதான். அப்புறம் இந்தியா வடக்க நகந்து போச்சு, போற வழியில லட்சத்தீவு, மாலத்தீவு அடிவாரம் எல்லாம் ஒவ்வொரு தையலா விழுந்துச்சு, பின்னாடி மொரிஷியஸ், இப்ப ரியூனியன். அஜந்தா குகைய கொடஞ்ச பாறையும் ரியூனியன்ல நேத்து வழிஞ்ச குழம்பும் ஒரே அடுப்புல வெந்ததுன்னு மொத தடவ படிச்சப்ப எனக்கு ரெண்டு நாள் வேற எதுவும் ஓடல.

ரியூனியன் வெறும் 2,512 சதுர கிலோமீட்டர்தான், ஆனா நடுவுல இருக்குற பிட்டோன் டெ நேஜ் மலை 3,000 மீட்டருக்கு மேல. கடலுக்கு அடில இன்னும் 4,000 மீட்டர் போகுது, அதாவது நாம பாக்குறது மேல் பாதி கூடக் கெடையாது. இந்தப் பெரிய எரிமலை செத்துப்போச்சு. செத்த எரிமலை மேல கோடி கோடியா மழை கொட்டி, அரிச்சு, சரிஞ்சு, சுத்தியும் செங்குத்துச் சுவரோட மூணு பெரிய அண்டா மாதிரி பள்ளம் விழுந்துச்சு: சிலாவோஸ், சலாஸி, மஃபாத். மஃபாத்துக்கு இன்னிக்கு வரைக்கும் ரோடு கெடையாது. உள்ள சில நூறு பேர் இருக்காங்க, அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஹெலிகாப்டர்ல வரும், தபால்காரர் முதுகுல பையப் போட்டுக்கிட்டு மலைப்பாதைல நடந்துதான் போவாரு. அங்க மொதல்ல குடியேறுனவங்க யாருன்னா, கரும்புத் தோட்டத்துலேருந்து தப்பிச்சு ஓடுன அடிமைங்க. நிலம் அவ்ளோ கரடுமுரடா இருந்ததாலதான் பிடிக்க வந்தவங்களால சுலபமா உள்ள வர முடியல.

தீவோட தென்கிழக்குல இன்னொரு எரிமலை, பிட்டோன் டெ லா ஃபூர்னேஸ், இது உயிரோட இருக்கு, பல வருஷத்துல ஒரே வருஷத்துக்குள்ள ஒரு தடவைக்கு மேலயே வெடிக்கும். 1977-ல குழம்பு ஊருக்குள்ள எறங்கி வந்து ஒரு சர்ச்ச சுத்தி வளச்சு, வாசப்படி வரைக்கும் வந்து நின்னுடுச்சு, இப்பவும் அந்தக் கருப்புப் பாறை வாசல்லயே கெடக்கு, சர்ச்சோட பேரே எரிமலைக்குழம்பு மாதா கோயில்.

மழை விஷயத்துக்கு வருவோம். காத்து தென்கிழக்குலேருந்து ஈரத்தோட வருது, மலை குறுக்க நிக்குது, மேகம் ஏறணும், ஏறணும்னா தலைச்சுமைய எறக்கி வெச்சுட்டுதான் ஏறும், அதனால கிழக்குப் பக்கம் கொட்டோ கொட்டுன்னு கொட்டும், மேற்குப் பக்கம் காஞ்சு போய் புல்லு பழுப்பா இருக்கும். 1966 ஜனவரில ஒரு புயலப்ப இந்தத் தீவுல ஃபோக்-ஃபோக்ங்கற எடத்துல 24 மணி நேரத்துல 1,825 மில்லிமீட்டர் பெஞ்சுது, அது உலக ரெக்கார்டு. சென்னைக்கு வருஷம் முழுக்க வர்றதே 1,400 பக்கம்தான்.

ஈரமான கிழக்குப் பக்கம் கரும்புக்குத் தோதா இருந்துச்சு. 1848-ல அடிமை முறை ஒழிஞ்சதும் தோட்டக்காரங்க ஆளு தேடி வந்தது நம்ம காரைக்கால், பாண்டி கரைக்குத்தான். ஒப்பந்தக் கூலியா கப்பல் ஏறுனவங்களோட பேரப்பிள்ளைங்கள அங்க மல்பார்னு கூப்புடுறாங்க, பெரும்பாலானவங்க தமிழ் வம்சம்தான். சேன்த் ஆந்த்ரே பக்கம் கோபுரம் வெச்ச கோயில், தீமிதி எல்லாம் உண்டு, வீட்டுப் பேச்சு என்னவோ பிரெஞ்சுலேருந்து உருவான கிரியோல் பாஷைதான்.

வெல்லத்துல தண்ணி தெளிச்ச மாதிரி: கரீபியன்

மார்த்தினிக், குவாதலூப் எரிமலைங்க வேற கதை. இங்க ஹாட்ஸ்பாட் கெடையாது. அட்லான்டிக் பெருங்கடலோட தரைத் தட்டு, கரீபியன் தட்டுக்கு அடில சொருகிக்கிட்டு உள்ள போகுது. போகும்போது தனக்குள்ள ஊறுன தண்ணியையும் கூட்டிட்டுப் போகுது. வெல்லக்கட்டிய வெறும் வாணலில போட்டா உருக அடம் பிடிக்கும், ரெண்டு கரண்டி தண்ணி ஊத்துனா டக்குனு இளகிடும் பாத்திருப்பீங்க, கிட்டத்தட்ட அது மாதிரிதான் அந்தத் தண்ணி மேல இருக்குற சூடான பாறைல கலந்து அத சீக்கிரம் உருக வெக்குது. அந்தக் கோடு பூரா தீவு தீவா எரிமலை.

இந்தக் குழம்பு ரியூனியன்ல மாதிரி தண்ணியா ஓடாது, கெட்டியா பிசுபிசுன்னு இருக்கும், உள்ள வாயு மாட்டிக்கும், வெயிட் அடச்சுக்கிட்ட குக்கர் மாதிரி. ரியூனியன்ல வெடிச்சா ஜனங்க சாப்பாடு கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கப் போவாங்க. மார்த்தினிக்ல 1902 மே 8 காலைல மோன் பெலே வெடிச்சப்ப, கொதிக்கிற சாம்பலும் வாயுவும் சேந்த மேகம் மலைச்சரிவுல எறங்கி, சேன்-பியேர்ங்கற ஊர ஒருசில நிமிஷத்துல முடிச்சுடுச்சு. சுமார் 28,000 பேர். பொழச்ச ஒருசிலர்ல ஒருத்தர், தடிச்ச சுவர் வெச்ச ஜெயில் அறைல அடச்சு வெச்சிருந்த கைதி.

குவாதலூப்ல ஒரு தமாஷ். வண்ணத்துப்பூச்சியோட ரெண்டு றெக்கை மாதிரி ரெண்டு தீவு, நடுவுல ஒடுக்கமான ஒரு கால்வாய். ஒண்ணுக்கு பேரு பாஸ்-தேர், அதாவது தாழ்நிலம், அதுலதான் 1,467 மீட்டர் எரிமலை நிக்குது. இன்னொண்ணு கிராண்ட்-தேர், பெரிய நிலம், அதுதான் ரெண்டுல சின்னது, தட்டையான சுண்ணாம்புக்கல். கப்பல்காரன் பாஷைல தாழ்வுன்னா காத்து அடிக்காத பக்கம்னு அர்த்தம், மலை உயரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சுருக்கமா ஞாபகம் வெச்சுக்கணும்னா, ரியூனியன் ஊசி குத்துன எடம், கரீபியன் தீவுங்க ஒரு தட்டு இன்னொண்ணுக்கு அடில போன எடம். ரெண்டும் எரிமலைதான், குணம் வேற.

மூழ்குற மலை, ஏறுற பவளம்

பிரெஞ்சு பாலினேசியா 118 தீவு, மொத்த நிலம் 4,200 சதுர கிலோமீட்டருக்குள்ளதான், ஆனா அது செதறிக் கெடக்குற பரப்பு மேற்கு ஐரோப்பா அளவுக்கு இருக்கும். இங்கயும் ஹாட்ஸ்பாட்தான், ஆனா கதை இன்னும் ஒரு படி மேல போகுது.

எரிமலை பொறந்து நகந்து போனதும் சூடு ஆறி, கனத்துல மெதுவா கடலுக்குள்ள எறங்கும். அதச் சுத்தி ஓரத்துல பவளம் வளந்திருக்கும். பவளத்துக்கு வெளிச்சம் வேணும், ஆழத்துல பொழைக்காது, அதனால மலை எறங்க எறங்க அது மேல மேல கட்டிக்கிட்டே வரும். மொதல்ல டஹிட்டி மாதிரி உயரமான மலை, ஓரத்துல ஒட்டுன பவளம். அப்புறம் போரா போரா மாதிரி, நடுவுல குறுகுன மலை, சுத்தி பவள வளையம், ரெண்டுக்கும் நடுவுல அமைதியா பச்சைத் தண்ணி, அதுக்குப் பேரு லகூன். கடைசில மலை முழுசா முங்கிடும், வளையம் மட்டும் மிஞ்சும், அதுதான் பவளவட்டத் தீவு. கல்யாணப் போட்டோவுல பாக்குற போரா போரா உண்மைல பாதி முங்குன மலை. இந்தக் கணக்க 1835-ல டஹிட்டிக்கு வந்த சார்லஸ் டார்வின்தான் எடுத்துச் சொன்னாரு, 1842-ல புஸ்தகமா போட்டாரு.

அழகப் பத்தி மட்டும் பேசிட்டுப் போறதும் சரியில்ல. 1966-லேருந்து 1996 வரைக்கும் முருரோவா, ஃபாங்கடாவ்ஃபாங்கற ரெண்டு பவளவட்டத் தீவுல பிரான்ஸ் 193 அணுகுண்டு சோதனை நடத்துச்சு. அங்க உள்ள ஜனங்களுக்கு அந்தக் கோவம் இன்னும் போகல.

பக்கத்துக் கடல்லயே இருந்தாலும் நியூ கலெடோனியா இந்தக் கும்பல்ல சேராது. அது எரிமலைத் தீவு கெடையாது, ஆஸ்திரேலியா பக்கத்துலேருந்து பழங்காலத்துல பிஞ்சு வந்த கண்டத்தோட ஒரு துண்டு. அதுமேல, பூமிக்கு ஆழத்துல இருக்க வேண்டிய பாறை ஒரு தள்ளுமுள்ளுல ஏறி உக்காந்துடுச்சு. அந்தப் பாறை மக்கி மக்கி சேந்தது இரும்பும் நிக்கலும், அதான் செவப்பு மண்ணு, மொட்டை மலை, சுரங்கம்.

ராக்கெட்டுக்கு ஏத்த காடு

பிரெஞ்சு கயானா தீவு இல்ல, தென் அமெரிக்காவோட ஒட்டுன நிலம். 83,500 சதுர கிலோமீட்டர், ஆஸ்திரியா நாட்டளவு, அதுல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல மழைக்காடு. ஜனங்க 3 லட்சம் பக்கம், பெரும்பாலும் கடலோரம். தலைப்புல சொன்ன பார்டர் இங்கதான், பிரேசில் கூட சுமார் 730 கிலோமீட்டர், ஸ்பெயின் கூட இருக்குறதே 620 சொச்சம்தான். அந்த எல்லைல பெரும்பகுதி ஒயபோக்னு ஒரு ஆறுதான். அந்த ஆத்துக்கு மேல 2011-ல பாலம் கட்டி முடிச்சாங்க, ரெண்டு பக்கமும் பேசித் தீத்து தொறக்க 2017 ஆச்சு, ஆறு வருஷம் பாலம் சும்மா நின்னுச்சு, இந்த விஷயத்துல எல்லா கவர்மென்டும் ஒண்ணுதான்.

இங்க கூரூங்கற ஊர்லதான் ராக்கெட் தளம். காரணம் ரெண்டும் புவியியல்தான். ராட்டினத்துல நடுவுல உக்காந்தவனவிட ஓரத்துல உக்காந்தவன் வேகமா சுத்துவான்ல, பூமில அந்த ஓரம் நிலநடுக்கோடு, கூரூ அதுலேருந்து 5 டிகிரிதான் வடக்க. பூமி சுத்துற வேகம் ராக்கெட்டுக்கு ஓசில கெடைக்குது. ரெண்டாவது, கிழக்க முழுக்க தொறந்த கடல், எதாவது கீழ விழுந்தாலும் யார் தலைலயும் விழாது. நம்ம இஸ்ரோவோட ஆப்பிள் சாட்டிலைட் 1981 ஜூன்ல போனது இங்கேருந்துதான், ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் 2021 கிறிஸ்துமஸ் அன்னைக்குப் போனதும் இங்கேருந்துதான்.

பூட்டுன வீடும் கடல் பட்டாவும்

குளிர்ப் பக்கத்த சட்டுனு முடிச்சுடுறேன். கனடா ஓரம் சேன்-பியேர் மிக்கலோன், பனிமூட்டத்துல ஆறாயிரம் பேர் பக்கம். தெக்க கெர்கெலன், ரியூனியன விட ரெண்டரை மடங்குக்கு மேல பெருசு, பனிப்பாறையும் காத்தும் உண்டு, நிரந்தரமா குடியிருக்குறவங்க யாரும் கெடையாது. ஆராய்ச்சி ஆளுங்க ரியூனியன்லேருந்து கப்பல் ஏறிப் போய் வருவாங்க.

ஆளே இல்லாத தீவு எதுக்குன்னு கேப்பீங்க. கடற்கரைலேருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரைக்கும் மீனும் அடித்தள கனிமமும் எடுக்குற உரிமை அந்த நாட்டுக்குத்தான். அந்தப் பரப்புக்கு தனிப் பொருளாதார மண்டலம்னு பேரு. மெக்சிகோவுக்கு வெளிய பசிபிக்ல கிளிப்பர்டன்னு ஒரு தீவு, காஞ்ச நிலம்னு பாத்தா ரெண்டு சதுர கிலோமீட்டர் தேறும், நண்டும் கடல் பறவையும்தான் குடித்தனம். 370 கிலோமீட்டர் ஆரம் வெச்சு அதச் சுத்தி ஒரு வட்டம் போட்டுப் பெருக்கிப் பாருங்க, 4.3 லட்சம் சதுர கிலோமீட்டர் வரும். இப்படி ஒவ்வொரு துண்டையும் சேத்து பிரான்ஸுக்கு 1 கோடி சதுர கிலோமீட்டருக்கு மேல கடல், அமெரிக்காவுக்கு அடுத்த எடம். அதுல ஹெக்ஸகன் பங்கு நூத்துக்கு அஞ்சு கூட வராது.

கடைசியா ஒரு ப்ராக்டிகல் விஷயம், பாரிஸ்ல சொந்தக்காரங்க இருக்குறவங்களுக்கு. பாரிஸ்லேருந்து ரியூனியன் பிளைட் பிரான்ஸுக்குள்ளயே போற பிளைட்தான், 11 மணி நேரம். ஆனா ஷெங்கன் ஏரியா (ஒரே விசாவுல போய் வர்ற ஐரோப்பிய நாடுங்க) ஹெக்ஸகனோட முடிஞ்சிடுது, கடல் தாண்டின துண்டுங்க அதுல சேராது, அதனால ஷெங்கன் விசா ஒண்ண மட்டும் நம்பி டிக்கெட் போட்டுடாதீங்க, அந்தப் பகுதிக்கு என்ன ரூல்னு தனியா விசாரிச்சுக்கோங்க.